ஊரணிப் படித்துறையில் காணாமற்போன டப்பா

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து காரைக்குடிக்குத் தனியாகப் போனேன். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் டப்பாவை ஒளித்து, இடத்தை இணையத்தில் குறித்துவிடுவார். மற்றவர்கள் போனும் கையுமாகத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி அங்கேயே வைத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பைத்தியம். "வேற வேலையே இல்லையா" என்று திட்டிக்கொண்டே நானும் முறுக்குப் பொட்டலத்தோடு கூடவே திரிவேன்.

அவர் இறந்து ஒரு வருஷமாகிவிட்டது. காரைக்குடியில் அவர் ஒளித்த டப்பா கிடைக்கவில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். யாரும் போய்ச் சரிபார்க்காவிட்டால் அவருடைய இணையப் பக்கத்தையே மூடிவிடுவார்களாம். அவர் அடித்த கிண்டலெல்லாம் அதில்தான் இருக்கிறது. விட மனசில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊரணிக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். நூறுக்குக் கேட்டேன், மசியவில்லை. காலை ஏழரைக்கெல்லாம் கரையில் இருந்தேன். தண்ணீரில் முங்கி எழும் முக்குளிப்பான் பறவைகள், சுற்றிலும் மரங்கள், எல்லாம் அப்படியே. இங்கேதான் டப்பாவைக் கட்ட நல்ல வேட்டியைக் கிழித்தார். அந்தக் கோபத்தில் மதுரை போய்ச் சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

போன் காட்டிய படித்துறைக் கல்லிடுக்கு காலியாக இருந்தது. குடத்தோடு வந்த ஒரு பெண் அதட்டினாள்.

"அக்கா, குடிக்கிற தண்ணி. செருப்ப அங்குட்டுக் கழட்டிட்டு வாங்க. என்ன தேடுறீக?"

வெள்ளைத் துணியில் கட்டிய எவர்சில்வர் டப்பா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்க வீட்டு அஸ்தியாக்கா அது? மழ பெஞ்சு தண்ணி ஏறுச்சு. குடிக்கிற தண்ணியில கலந்துரக் கூடாதேன்னு அங்குட்டு எடுத்து வச்சேன். வெள்ளிக்கெழம ரெண்டு பூப் போடுறேன்."

கரைக்கு வெளியே வேப்பமரப் பொந்தில் இருந்தது. துணி முடிச்சுகூட அவிழவில்லை. மேலே வாடிய மல்லிகை. ராமேஸ்வரத்தில் அவரைக் கரைத்தபோது கல்லாட்டம் நின்றவள், அங்கே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துத் திறந்து காட்டினேன். சீட்டு, பம்பரம், இரண்டு கோலிக்குண்டு. பாண்டியம்மாள், அதுதான் அவள் பெயர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கோலிக்குண்டுக்கா பூப் போட்டேன்? சரி, இருக்கட்டும்க்கா. போட்டுப் பழகிருச்சு."

பக்கத்தை மூடவில்லை, புது இடத்தைக் குறித்துவிட்டேன். போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் போங்கள். பக்கத்தில் கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். கரையில் செருப்பு வேண்டாம். டப்பாமேல் பூ இருந்தால் பயப்படாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திறங்கள். பெயரெழுதி மூடியதும் மறக்காமல் பூவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.