வேலுவின் புகாருக்கு நான் ஒட்டிய லேபிள்

உங்கள் தப்பை அடுத்தவனுடைய ஆசை என்று எப்போதாவது மாற்றி எழுதியிருக்கிறீர்களா? நான் எழுதினேன். எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தமிழில் குறிப்பு எழுதுகிற ஒரு செயலி. திறமூலம்; அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்கிறோம். பாகூரில் நான் ஒருவன்தான். வீட்டில் கேட்டால், "எந்நேரமும் லேப்டாப்ப நோண்டுறான்" என்பார்கள்.

கல்லூரி முடித்த கெத்தில், 'சேமி', 'அழி' என்று எழுத்தில் இருந்த பட்டன்களைத் தூக்கிவிட்டுப் படங்களாக மாற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஒரு பெயர் கொடுக்க வேண்டும்; பார்வையில்லாதவர்களுக்குப் போன் அதைத்தான் படித்துச் சொல்லும். நான் கொடுக்கவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள்...

வேலு கவனித்தான். கரையாம்புத்தூர்க்காரன், கல்லூரியில் என் பெஞ்ச், பிறவியிலேயே பார்வை கிடையாது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க? எங்க தொட்டாலும் 'பட்டன்' 'பட்டன்'ங்குது. எந்த பட்டன்னு உங்க தாத்தா வந்து சொல்லுவாரா?"

"புகாரா எழுதிப் போட்றா, பாக்கறேன்."

போட்டான். அந்த வாரம்தான் புகார்களுக்கு லேபிள் ஒட்டுவதை ஒழுங்குபடுத்த வீடியோ காலில் கூடினோம். அதுவரை ஆளுக்கொரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தோம். இனி இரண்டே இரண்டு என்று முடிவானது. 'பிழை' என்றால் உடனே திருத்த வேண்டும், யார் செய்த மாற்றத்தால் வந்தது என்று பெயரும் போட வேண்டும். 'கோரிக்கை' என்றால் நேரம் கிடைக்கும்போது.

வேலுவின் புகாரைக் காட்டி, "இது பிழைதான?" என்று கேட்டாள் குழுவில் இருக்கும் நித்யா.

"இல்லபா. ஆப் நல்லாத்தான் ஓடுது. அவரு எக்ஸ்ட்ராவா ஒண்ணு கேக்கறாரு. கோரிக்கைதான்."

குரலை உயர்த்தித்தான் சொன்னேன். என் பெயர் வரக் கூடாது, அவ்வளவுதான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பார்வையில்லாதவர்கள் சொல்வதெல்லாம் இனி கோரிக்கை என்று விதியாகவே ஆனது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்.

வேலுவிடம், "டீம் முடிவுடா" என்றேன்.

"சரி வுடு. நீ ஒத்த ஆளு, இன்னா பண்ணுவ."

எனக்காக அவனே சமாதானம் சொன்னான். அதற்குப் பிறகும் எங்கள் செயலியில்தான் எழுதினான். பட்டன் இருக்கும் இடங்களை விரலுக்குப் பழக்கிக்கொண்டான். ஒரு நாள் விரல் தவறியது. எம்.ஏ. செமினாருக்கு எழுதிய கட்டுரை முழுதும் அழிந்தது.

"எல்லாம் பூட்ச்சிடா" என்றான் போனில். திட்டவில்லை. வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே பட்டன்களுக்குப் பெயர் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. புதிய பதிப்பின் அறிவிப்பில், பயனரின் கோரிக்கையை நிறைவேற்றியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். குழுவில் கைதட்டல் படங்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்... அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா?

லேபிளை இன்றுகூட மாற்றலாம். ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதுகிறேன், அழிக்கிறேன். குழுவில் யாரோடும் இப்போது வேலையைத் தாண்டிப் பேச முடிவதில்லை. வேலுவுக்குப் போன் போட்டால், "சொல்லுங்க" என்கிறான். அவனுக்குத் தெரிந்துவிட்டதா? கேட்க தைரியமில்லை.

வேலு இப்போது வேறு செயலியில் எழுதுகிறான்.