வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர் இருக்கக் கூடாது

என் தங்கச்சி வீட்டுக்காரர் வீட்டு புரோக்கர். எங்க அத்தையின் கடைசி மகன்தான். கல்யாணத்துக்கு முன்பே நான் பார்த்து வளர்ந்த பிள்ளை; சின்ன வயசிலிருந்தே என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வருஷம் இடுப்பில் சாவிகள் குலுங்க நடந்தவர். அதனால் பேரே சாவிக்கொத்து ஆகிப் போச்சு.

அவர் தொழிலில் ஒரே சட்டம். ஆள் வீடு பார்க்க வரும்போது, விற்கிறவர் உள்ளே இருக்கக் கூடாது. "வர்றவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான். அதைக் கேட்டுக்கத்தான் எனக்குக் கமிஷன்" என்பார். வெளியே காத்திருக்கிறவர் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "நல்ல வீடுன்னு சொன்னாங்க." எந்த வீடானாலும் அதே பதில்தான்.

தங்கச்சி போய்ச் சேர்ந்த மறுவருஷம் இவருக்குக் கண் மங்கிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி, ஒரு அறையும் ஒழித்து வைத்தாள். வீட்டை விற்றாக வேண்டும்.

"புரோக்கரே இன்னொரு புரோக்கருக்குக் கமிஷன் குடுப்பாங்களாப்பா? போன்ல போட்டா சல்லிக்காசு செலவில்ல" என்று சிரித்தாள். அவளே படம் போட்டாள். மூன்றாம் நாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுத்த கோடு ஓடும். கால் இழுத்துக்கொண்ட என் தங்கச்சி, கடைசி இரண்டு வருஷம் கை ஊன்றி நடந்த தடம்.

"ச்சீ, என்னங்க இது, ஒரே பிசுக்கு!" என்றாள் அந்தப் பெண்.

"இந்தச் சுவரையே இடிச்சுட்டா ஹால் பெரிசாயிடும்" என்றான் புருஷன்.

அவர்கள் பேசியதில் தப்பே இல்லை. எத்தனையோ வீட்டில் இதைக் கேட்டுத் தலையாட்டியவர்தான் இவர். அன்றைக்கு, "வீடு விக்கறதா இல்லைங்க" என்று வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி.

மகள் போனில் கத்தவில்லை, அழுதாள். "அப்பா, நீங்க வரவே போறதில்லையா?"

அன்று சாயங்காலமே எதிர்த்தெரு குடைக்காரரிடம் போனார். அவரும் புரோக்கர்தான். மழை வெயில் பாராமல் குடையோடு திரிகிற ஆள். யாரோ ஒரு பார்ட்டியைத் தட்டிப் பறித்த தகராறில், இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"என் வீட்டை வித்துக் குடு. முழுக் கமிஷன் தர்றேன்."

"ஏன், உங்களுக்கு வாய் இல்லையாண்ணே?" என்று சிரிக்கப் போன குடைக்காரர், இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரையும் பார்த்தார். "பெயிண்ட் அடிக்கச் சொல்லமாட்டேன். ஆனா நீங்க இங்க இருக்கக் கூடாதுண்ணே."

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தது. இவரும் நானும் தெருமுனை மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம். இடுப்பில் சாவி இல்லாமல், அவர் கை சட்டைப் பித்தானையே திருகிக்கொண்டிருந்தது.

குடைக்காரர் வந்தார். "முடிஞ்சுதுண்ணே. அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல வீடுன்னு சொன்னாங்க."

இவர் சட்டைப் பித்தானை விட்டார். "அண்ணி, போகலாமா?" என்றார் என்னிடம். சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை.