ஓடுகிற சர்வரில் இடம் கூட்டிய காலை

உத்தமபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலை, வெளியே கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஸ்கேன் எடுக்கும் பெண் என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, படம் ஏற மாட்டேங்குது. இடம் இல்லைன்னு காட்டுது."

சர்வரில் படங்கள் சேரும் பகுதி நிறைந்துபோயிருந்தது. ஸ்கேன் அறையில் கோம்பையிலிருந்து வந்த ஓர் அம்மா காத்திருந்தார். தலையில் கட்டி எடுத்த பிறகு, அது மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க வருகிறவர்.

டாக்டர் வந்து பார்த்தார். "பழைய படத்தைக் கொஞ்சம் அழிச்சிரும்மா. இப்போதைக்கு ஓடட்டும்."

"வேண்டாம் டாக்டர். இந்த அம்மாவுக்கே பழைய படத்தை வச்சுத்தான ரிப்போர்ட் எழுதுவீக? அழிக்காம இடம் கூட்டித் தாரேன். சர்வரை நிறுத்தவும் வேண்டாம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு இருந்தது. சர்வரை அமைத்தபோதே எல்வீஎம் முறையில்தான் அமைத்திருந்தேன். பல டிஸ்க்குகளின் இடத்தை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, வேண்டிய அளவுக்குப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும் முறை அது. இடம் போதாவிட்டால் இன்னொரு டிஸ்க்கைத் தொகுப்பில் சேர்த்து, வேண்டிய பகுதியைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அலமாரியில் வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கைச் செருகினேன். அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைத் திரையில் தெரிந்ததோடு ஒப்பிட்டேன். தவறான டிஸ்க்கில் கை வைத்தால் எல்லாப் படமும் போய்விடும். பிறகு அதைத் தொகுப்பில் சேர்த்து, படங்கள் சேரும் பகுதியைப் பெரிதாக்கினேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னமும் ஃபுல்லுன்னுதான காட்டுது?"

"இன்னும் ஒரு வேலை இருக்கு டாக்டர். இடம் வந்திருச்சு. உள்ள படத்தை அடுக்கி வைக்கிற ஃபைல் சிஸ்டத்துக்கு அது இன்னும் தெரியாது."

ஃபைல் சிஸ்டத்தையும் விரிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் காலி இடம் தெரிந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "ஏறுது அக்கா!"

டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய், "ஒண்ணும் வளரலம்மா, நல்லாயிருக்கு" என்றார்.

அந்த அம்மா என்னிடம் வந்து, "மிசினு ரிப்பேரா, ஆத்தா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. படம் வைக்க இடம் பத்தல, கூட்டிட்டேன். ஒங்க பழைய படமெல்லாம் இங்க பத்திரமா இருக்கு."

"அப்ப அடுத்த தடவையும் இங்கனயே வாரேன்" என்று சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் அடுத்த டிஸ்க்குக்குச் சொல்லிவைக்கத் தேனியில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன்.