பின் படலையில் ஒரு சலாம்

கண்ணுக்குத் தெரியாத ஜின் உண்டென்று மார்க்கம் சொல்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூரையில் தேங்காய் விழுந்தாலும் ஜின் என்று கதை தொடங்குகிறவர்களிடமிருந்து எழுந்து போய்த் தேநீர் ஊற்றுகிறவள் நான். கணினி படித்தவள். எதற்கும் மூன்று காரணம் எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிப் பார்ப்பது என் பழக்கம். இதற்கும் எழுதினேன், மூன்றும் வெட்டுப்பட்டுவிட்டன. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

மருதமுனையில் வீட்டிலிருந்தபடியே, கல்முனை டவுனில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அப்போது வேலை நிரந்தரமாகுமுன் உள்ள ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி வாரம். இரத்தப் பரிசோதனை செய்யும் லெப் ஒன்றின் சேர்வர் எங்கள் பொறுப்பில் இருந்தது. அது கிளவுட்டில், எங்கோ வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த இயந்திரம். அதற்கு அதுவரை ஒரே நெட்வேர்க் கார்ட். இரண்டாவதைச் சேர்த்து அமைக்க வேண்டும்: முதலாவது வெளியிலிருந்து முடிவு பார்க்கும் டாக்டர்மாருக்கு, இரண்டாவது இதுவும் லெப்புக்காக அதே இடத்தில் எடுத்த மற்ற இரண்டு இயந்திரங்களும் தமக்குள் கதைப்பதற்கு.

மற்ற இடங்களில் இப்படியான வேலைக்கு நள்ளிரவைத் தேர்வார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம்தான் வசதி, கடையும் லெப்பும் எல்லாமே பூட்டு. இதில் ஒரு பிழை இருந்ததை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. எனக்கு உதவக்கூடிய அத்தனை பேரும் அந்த நேரம் கைபேசியை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலில் இருப்பார்கள்.

என் மேலதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், இரண்டாவது கார்டைத் தன் கணக்கிலிருந்து பொருத்திவிட்டு அழைத்தார்.

"தங்கச்சி, மத்ததெல்லாம் உங்கட கையில. ஒண்டரைக்கு லெப் தொறப்பாங்க."

"ஓம் சேர்."

"இதச் சரியா முடிச்சா அடுத்த மாசம் நிரந்தரம். பிழைச்சா மேல உள்ளவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

பன்னிரண்டு இருபதுக்குப் பிழைத்தது. இரண்டு கார்டுக்கும் வெளியே போகும் வழியை எழுதிச் சேமித்து, நெட்வேர்க்கை மீண்டும் தொடக்கினேன். அத்தோடு திரை உறைந்தது. எங்கள் ஊர் வீடுகளின் வேலியில் இரண்டு படலை, வாசல் கதவு, இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆண்களுக்கு முன்னால், பெண்களுக்குப் பின்னால். முன் படலையில் நின்று ஒருவர் சலாம் சொல்கிறார், வீட்டுக்காரர் பின் படலையில் நின்று பதில் சொல்கிறார். வந்தவர் ஆளில்லை என்று திரும்பிப் போய்விடுவார். இயந்திரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கார்டைக் கழற்றும் அனுமதி சேரிடம் மட்டும், சேரின் போனோ அணைத்தபடி.

வாப்பாவும் தம்பியும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி புள்ள, மொகம் செத்துப்போய்க் கெடக்கு?"

"மிசின் பதில் சொல்லுதில்ல உம்மா."

"நீ சலாம் சொன்னியா முதல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் அடுத்தது கொழும்பு, கொழும்புக்கு வாப்பா விடமாட்டார். அப்படியே நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தபோதுதான் வீட்டின் பின்பக்கம் படலைச் சங்கிலி ஆடும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், நடுத்தர வயது, அவசரமில்லாத குரல். சலாம் சொல்லிவிட்டு, "புள்ளே, பின்னால வா" என்றது. எழும்பும்போது மடிக்கணினியில் மணி பார்த்தேன், பன்னிரண்டு நாற்பத்தொன்று. "வ அலைக்கும் ஸலாம், ஆரது?" என்றபடி உம்மாவும் கரண்டியோடு வந்தார். இருவரும் ஒன்றாகத்தான் கொல்லைக்குப் போனோம்.

அங்கே சுவர் இருந்தது.

வீட்டின் பின் வளவுக் காணியை மாமிக்குக் கொடுத்தபோது படலையைக் கழற்றி, ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி மூன்று வருடமாகிறது. மாமியின் வீடும் பூட்டியிருந்தது, அவர்கள் பொத்துவிலுக்குப் போயிருந்தார்கள். ஓசை கேட்டதை விட எனக்கு விளங்காதது, அங்கே படலை இல்லை என்பதை இரண்டு பேருமே எப்படி மறந்தோம் என்பதுதான். உம்மா கரண்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நீ போய் வேலயப் பாரு" என்றார்.

திரும்பி நடக்கும்போதே வழி தெரிந்துவிட்டது. பின்னால வா. லெப்பின் மற்ற இரண்டு இயந்திரங்களும் அதே உள்வலையில்தானே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து பூட்டிக்கிடந்த இயந்திரத்தை அதன் இரண்டாவது கார்ட் வழியாகக் கூப்பிட்டேன். திறந்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

உள்ளே நுழைந்ததும் கடைசியாக யார், எப்போது வந்தார் என்று அது ஒரு வரி காட்டும். முன் கார்ட் வழியாக நான் பன்னிரண்டு மணிக்கு வந்ததைத்தான் அது காட்டியிருக்க வேண்டும். காட்டியது: என் பெயர், உள்வலை, பன்னிரண்டு நாற்பத்தொன்று. நான் சுவருக்கு முன்னால் நின்ற நேரம். அந்த வலையில் இருந்த மூன்று இயந்திரங்களின் முகவரிகள் நான்கு, ஐந்து, ஆறு என்று முடியும். வந்தது ஒன்பதிலிருந்து.

ஒன்றே கால் ஆகும்போது வழிகளைத் திருத்திவிட்டேன், ஒன்றரைக்கு லெப் திறந்தது, முடிவுகள் போயின. சேர் "மாஷா அல்லாஹ் தங்கச்சி" என்றார். அடுத்த மாதம் நிரந்தரமாக்கினார்கள்.

என் மூன்று காரணங்கள் இவை. சேர் நுழைந்திருக்கலாம். அவரும் எங்கள் ஊர்தான், அந்த நேரம் பள்ளிவாசலில் முன் வரிசையில், தனக்குப் பக்கத்தில் இருந்ததாக வாப்பாவே சொன்னார். கடிகாரம் பிழைத்திருக்கலாம். ஒப்பிட்டேன், ஒரு செக்கன் கூட விலகவில்லை. வெளியாள் யாராவது புகுந்திருக்கலாம். நுழைவதற்கான சாவி என் மடிக்கணினியில் மட்டும் உண்டு, ஒன்பது என்ற முகவரியோ எந்த இயந்திரத்துக்கும் கொடுக்கப்படவே இல்லை. அந்த வரியைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஒருவரிடமும் காட்டவில்லை.

அதைக்கூட ஏதோ கோளாறு என்று ஒரு பக்கம் வைத்திருப்பேன். போன மாதம் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டார்.

"அண்டைக்கு அந்தப் பொம்புள என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"'பின்னால வா' எண்டுதானே உம்மா."

உம்மாவின் கத்தி நின்றது.

"இல்ல புள்ள. எனக்கு 'பின்னால வந்திருக்கன்' எண்டுதான் கேட்டிச்சு."

பின் கார்ட் வழியாக யாரோ வந்ததைக் காட்டிய அந்த வரியைப் பற்றி உம்மாவிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.