பொருத்தனை யாருடையது என்று கேட்ட அக்கா

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஜெயமணி அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்ற செய்தி வந்தபோது நான் கண்ணாடி முன் நின்று மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கம் தொடங்கவில்லை. போனில் அவர்கள் மகள் ஷீபா, "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். துக்க வீட்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். என் மனைவி மேரி பின்னாலேயே வந்து காதுக்குள், "பாதி கிழவன், பாதி குமரனா நிக்கியளே, வாயைப் பொத்துங்க" என்றாள். அன்று முழுவதும் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தேன். செல்வராஜ் உடைந்துபோய்விட்டான் என்று சபையில் பேசிக்கொண்டார்களாம். அதுவும் பொய் இல்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரியசாலையில் எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்திவந்தார்கள். அந்தக் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து குக்கரும் ஸ்டவ்வும் பழுது பார்க்கிறவன் நான். "இந்தக் குக்கர் இனி தாங்காது, புதுசு எடுத்துக்கோங்க" என்று அவர்கள் சொல்வார்கள். "புதுசு எதுக்கு, வாஷர் மாத்தினாப் போதும்" என்று நான் சொல்வேன். பத்தொன்பது வருடம் இப்படியே ஒருவர் பிழைப்பை ஒருவர் கெடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தோம். அவர்களை நான் பிஷப் அம்மா என்று கூப்பிடுவேன். "நீ பேசாம வாஷர மாட்டுடே" என்பார்கள்.

இந்த மலையாள ஊரில் இருவருக்கும் ஒரே தமிழ்ச் சபை. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சற்று முன்னதாகச் சாத்திவிட்டு, மாடியில் பெற்றோர் ஜெபம் வைப்பார்கள். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று ஆண்டவரிடம் கேட்கிற கூட்டம். ஏழெட்டுக் குடும்பம் வரும். முடிந்ததும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு. நான் முதன்முதலில் போனது மீன்கறிக்காகத்தான். இதை அக்காவே கண்டுபிடித்துவிட்டதால் இப்போது மறைத்துப் பயனில்லை.

நம் வீடுகளில் குடும்ப ஜெபம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையை நேராகத் திட்டாமல் ஆண்டவர் வழியாகத் திட்டுவோம். பிள்ளை முழங்காலில் இருக்கும்; ஓடவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. இதில் நான் கெட்டிக்காரன். அந்த முதல் சனிக்கிழமையும் அப்படித்தான், என் மகன் ஜெபினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இங்கே ஒரு பையன் கணக்குல பதினெட்டு மார்க் வாங்கியிருக்கான், அவன் யாருன்னு உமக்குத் தெரியும்" என்று தொடங்கினேன்.

"செல்வராசா, நிறுத்து" என்றார்கள் அக்கா.

"இன்னும் ஆமென் சொல்லல்லியே அக்கா."

"நீ ஆண்டவர்கிட்ட பேசுறியா, பையன்கிட்ட பேசுறியா?"

"ரெண்டு பேருக்கும் கேக்கட்டும்னுதான்."

"அவன்கிட்ட பேசணும்னா கண்ணைத் தொறந்து அவன் மூஞ்சியப் பாத்துப் பேசு. ஆண்டவரை மைக் செட் ஆக்காதே, கேட்டியா?"

அன்றைக்கே சட்டம் போட்டார்கள். பிள்ளையின் குறையைச் சொல்லி இங்கே ஜெபிக்கக் கூடாது. அவரவர் குறையைச் சொல்லலாம். அதற்குப் பிறகு யாருக்கும் ஜெபிக்க விஷயமே கிடைக்கவில்லை. கூட்டம் முக்கால் மணி நேரம் முன்னதாக முடிந்தது. மீன்கறி சூடாகக் கிடைத்தது.

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கடையில் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அக்கா தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்கள்: "ஷீபாவுக்கு நான் அம்மாவா இல்லடே, போலீசா இருந்தேன். ஜெபத்துலயே லத்தி வச்சிருந்தேன். பதினேழு வயசுல அவ முழங்கால் போடுறதையே நிறுத்திட்டா. அவளை மாத்தும் மாத்தும்னு ரெண்டு வருசம் கேட்டேன். பொறவுதான், நான் எங்க தப்புப் பண்ணினேன்னு காட்டும்னு கேக்க ஆரம்பிச்சேன். அதுக்கு மட்டும் உடனே பதில் வந்துட்டு." ஷீபா வேலை கிடைத்துக் கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிறு மத்தியானம் வருவாள், கோயிலுக்கு வரமாட்டாள். ஏன் வரவில்லை என்று அக்கா ஒரு வார்த்தை கேட்டதை நான் கேட்டதில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். அக்கா எனக்குச் செய்தது அதில்தான் இருக்கிறது.

ஜெபின் பிறந்தபோது அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு, "இவனைப் பிழைக்க வையும், உமக்கு ஊழியக்காரனாகத் தந்துவிடுகிறேன்" என்று பொருத்தனை பண்ணினேன். உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. அந்தக் குரல் இன்றுவரை குறையவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வேதாகமக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. "அப்பா, எனிக்கு கேக் பண்ணப் படிக்கணும்" என்றான். கழக்கூட்டத்தில் ஒரு பேக்கரியில் பேசியும் வைத்திருந்தான்.

எனக்குக் கோபம் வந்திருந்தால் நல்லது. பயம்தான் வந்தது. கொடுக்கிறேன் என்று சொன்ன பிள்ளையைக் கொடுக்காவிட்டால் ஆண்டவர் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று. இதை மேரியிடம்கூடச் சொல்லவில்லை. அவன் பைக் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். ஒரு தும்மல் தும்மினால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்னேன். "அப்பா, மதி, போதும், விடுங்க" என்று சலித்துக்கொள்வான்.

கடைசியில் அக்காவிடம் போய்ப் பொருத்தனையைச் சொல்லி, "நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா அவன் கேப்பான்" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரியாது. ஏழு நாள் கேப்போம்" என்றார்கள். தினமும் காலை ஐந்தரைக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டில் அவர்களும், என் வீட்டில் நானும் முழங்காலிடுவோம். ஏழாம் நாள் மிஸ்டு கால் வரவில்லை. அவர்களே விடியலில் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெளிவா வரல்ல. உனக்கு என்ன வந்துது?"

"கொட்டாவி வந்துது அக்கா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு தூங்கிக்கொண்டிருந்த ஜெபினை எழுப்பினார்கள். "நானும் உங்கப்பனும் ஏழு நாளா கேட்டுட்டு இருக்கோம். யாரு காரியமோ அவன் போர்வைக்குள்ள கெடக்கான். எந்திரி மக்களே, இன்னைக்கு நீ ஜெபி. உங்கப்பன் வாயைத் தொறக்கமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு முழங்காலிட்டான். பிறகு, "ஆண்டவரே, எங்கப்பா பயப்படுறாரு. நான் செத்துப்போயிருவேன்னு பயப்படுறாரு. கேட்டா சொல்லமாட்டாரு. அந்தப் பயத்தை எடுத்துப்போடும். ஆமென்" என்றான்.

நான் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "பொருத்தனை பண்ணினது யாரு?"

"நான்."

"இவன்கிட்ட கேட்டியா?"

"பொறந்து பத்து நிமிசம்கூட ஆகல்ல அக்கா."

"பின்னே? வாக்குக் குடுத்த ஆளுதான ஊழியத்துக்குப் போகணும்?"

"அஞ்சாங்கிளாஸ் படிச்ச என்னை எந்தக் கல்லூரியில சேப்பாங்க?"

"பிரசங்கம் பண்ணினாத்தான் ஊழியமாடே? நம்ம கோயில் கக்கூஸ் நாலு மாசமா அடைச்சுக் கெடக்கு. வந்த ஜனங்க எல்லாம் ஆராதனை முடியுமுன்னே வீட்டுக்கு ஓடுது. உனக்குக் குழாய் வேலை தெரியும். இதைவிடத் தெளிவா ஆண்டவர் எப்படிச் சொல்லணும்?"

ஜெபின் சிரித்த சிரிப்பில் மேரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அரிசிப் பானையிலிருந்து நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். அன்று அவன் பைக்கில் கழக்கூட்டம் போனான். நான் வாளியோடு கோயிலுக்குப் போனேன். போதகர் ஐயா விஷயத்தைக் கேட்டுவிட்டு, நல்ல ஊழியம் என்று சொல்லிச் சாவிக்கொத்தையே என்னிடம் தந்தார். கழுவுவது, குழாய் பார்ப்பது, எல்லோரும் போன பிறகு பூட்டுவது எல்லாம் இன்றுவரை என் பொறுப்பு. பயம் ஒரே நாளில் போகவில்லை. வாளியைத் தூக்கத் தூக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

நான்கு வருடம் ஓடிவிட்டது. அக்கா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் இருந்தபோது ஜெபின் தன் கையால் செய்த கேக்கை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் கூடாது என்றிருந்ததால் விரல் நுனியளவு வாயில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்குடே. நீ நெனச்சபடி நடந்திருந்தா இவன் பிரசங்கத்தை நாங்கல்லா கேட்டுட்டு இருக்கணும்" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் அடக்கத்துக்கு வர்றவங்க வெறும் வயித்தோட போகக்கூடாது, நீயும் மூஞ்சியத் தூக்கிவச்சிட்டு நிக்காதே" என்றார்கள்.

அடக்க ஆராதனை வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் ஷீபா அதன் பக்கத்தில் முழங்காலிட்டாள். யாரும் அவளை ஜெபிக்கச் சொல்லவில்லை. சத்தமாகவே ஜெபித்தாள். அம்மாவின் குறை ஒன்றும் அதில் இல்லை. தன் குறை இரண்டு மூன்று இருந்தது. மாடிக் கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவள் அந்தச் சட்டத்தை எங்கே கற்றாளோ. கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது, "பிஷப் அம்மா, போயிட்டு வாங்க. நாங்க பொறவு வாறோம். அதுவரை பிள்ளைகளை நாங்க பாத்துக்கிடுறோம், எங்களுக்காக நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றேன்.

ஜெபின் இரண்டு பெட்டி நிறையக் கேக் கொண்டுவந்திருந்தான். வந்தவர்கள் எல்லோரும் தின்றார்கள். சிலர் அழுதுகொண்டே இரண்டாவது துண்டும் எடுத்தார்கள். கூட்டம் கலைந்தபின் நான் வழக்கம்போலக் கோயிலின் ஜன்னல்களைச் சாத்தி, கதவுகளைப் பூட்டி, பின்பக்கம் போய்க் கழிப்பறையையும் வெளியே பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே ஆறுதல் ஜெபத்துக்கு எல்லோரும் போதகர் ஐயாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்து எதிர்பார்த்தேன். மூன்று பாட்டுப் பாடினோம். கூப்பிட்டுப் பார்த்தால், ஐயா காலையில் மறந்து வைத்துவிட்டுப் போன போன் அக்கா வீட்டு மேசையிலேயே அடித்தது. முக்கால் மணி நேரம் கழித்து எனக்குச் சாவிக்கொத்து ஞாபகம் வந்தது. ஓடிப் போய்க் கழிப்பறையைத் திறந்தேன். ஐயா அங்கியோடு வெளியே வந்தார். உள்ளே நல்ல சுத்தமாக இருக்கிறது என்றார்.