தறி நின்ற நாட்களில்

என்னைச் செல்லூருக்கு அனுப்பியபோது எனக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. அதுவரை வைகைக்குத் தெற்கே, எங்கள் கன்னியர் மடத்தோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் மடத்துத் தலைவியான மதர் கூப்பிட்டார். அவர் வெளிநாட்டுக்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார்.

"செல்லூரில் நமக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வருவதில்லை. நீ போய்ப் பார்."

போகச் சொன்னால் போக வேண்டியதுதான். மறுநாளே வயதான ஒரு சிஸ்டரோடு ஆற்று மணலில் இறங்கி நடந்தேன். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பாலம் வழியாகச் சுற்றிப் போவோம்.

பள்ளிக்கூடம் என்றால் ஓடு வேய்ந்த இரண்டு அறை. சுற்றிலும் நெசவாளர் வீடுகள். சந்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம்தான். பையன்கள் ஓரளவு வந்தார்கள். பெண்பிள்ளைகள் காலையில் வந்து உட்காருவார்கள், சற்று நேரத்தில் வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கும் ஒரே பதில்தான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்வீட்டு அம்மாள் அதைப் பளிச்சென்று சொன்னாள்.

"இவ பள்ளிக்கூடம் வந்துட்டா தார் யாரும்மா சுத்துறது? நாடாவுல நூல் தீந்துச்சுன்னா அவரு கையக் கட்டிக்கிட்டு ஒக்கார வேண்டியதுதான்."

அவள் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும். சுவரோரம் ராட்டையைச் சுற்றிச் சிட்டமாகக் கட்டி வந்த நூலைக் குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குச்சிதான் தார்; அதை அப்பா தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைத்து நெய்ய வேண்டும். தறியில் அப்பா, ராட்டையில் மகள், அடுப்பிலும், பாவு நூலை நீட்டிக் கட்டுவதிலும் அம்மா. இதில் ஒருவர் எழுந்து போனால் வீட்டில் உலை கொதிக்காது.

மழை பெய்தால் மட்டும் கதை வேறு. கால் இறக்கி உட்காருகிற தறிக்குழியில் தண்ணீர் ஊறும், நூல் நமத்துப்போகும், தறி ஓடாது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் நிறைந்துவிடும். ஒருமுறை வானம் கறுத்ததைப் பார்த்து நான் முகம் மலர்ந்திருக்க வேண்டும். கூட இருந்த சிஸ்டர், "நீ சந்தோசப்படுறியே, அந்த வீடுகள்ல இன்னைக்கு ராத்திரிக்கு என்ன வைப்பாக?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மழையைப் பார்த்து என்னால் முழுசாகச் சந்தோசப்பட முடியவில்லை.

ராட்டையைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவரச் சொன்னால் என்ன என்று தோன்றியது. மதரும் சரி என்றார். பிள்ளைகள் சுவரோரம் ராட்டை சுற்றிக்கொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் வர ஆரம்பித்தாள். கணக்கில் அவளுக்கு நல்ல பிடிப்பு இருந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் ஏன் என்று கேட்பாள். ஆனால் ஒருநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார், வாசலிலேயே நின்றார்.

"இது பள்ளிக்கூடமா, தறிப்பட்டறையா?"

"ராட்டை இல்லைன்னா பிள்ளைகளும் இல்லைங்க ஐயா" என்றேன்.

"அப்படியானால் சர்க்கார் கிராண்ட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ராட்டைகள் வீட்டுக்குத் திரும்பின. பிள்ளைகளும்தான்.

பிறகு உலகச் சண்டை வந்தது. முதலில் மண்ணெண்ணெய் குறைந்தது, அரிசி குறைந்தது, கடைசியில் நூலே இல்லாமல் போனது. வந்த கொஞ்ச நூலும் சர்க்கார் கண்ட்ரோலில் யார் யாருக்கோ போனது. ஒவ்வொரு தறியாக நின்றது. ஒருநாள் காலை சந்துக்குள் நுழைந்தபோது காதுக்குள் என்னவோ அடைத்ததுபோல இருந்தது. சத்தமே இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. இத்தனை வருசம் நான் கேட்டு மன்றாடியது இதைத்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். பதினோரு மணிக்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

சாயங்காலம் மதரிடம் சொன்னேன். மடத்துச் சாப்பாட்டில் ஒரு வேளையைக் குறைத்து அந்த அரிசியைக் கொடுத்தார். அது போதவில்லை. நகருக்குள் ஒரு முஸ்லிம் கடைக்காரர், தன் பெண்ணை எங்கள் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மூடுவண்டியில் அனுப்புகிறவர், கேள்விப்பட்டு நொய்யரிசி அனுப்பினார். "நோன்புக் கஞ்சிக்கு எடுத்து வச்சதும்மா. பிள்ளைக குடிச்சாலும் ஒண்ணுதான்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார். மத்தியானக் கஞ்சியை எதிர்வீட்டு அம்மாள்தான் காய்ச்சினாள். முதல் நாள் தானாகவே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் குடித்து முடிக்கும்வரை அவள் ஒரு வாய் குடிக்க மாட்டாள்.

அந்த நாட்களில்தான் அவள் மகள் விடாமல் படித்தாள். சண்டை ஓய்ந்து நூல் வர ஆரம்பித்தபோது ஐந்தாவது முடித்திருந்தாள். தறிச் சத்தம் திரும்பக் கேட்டது. பாதிப் பிள்ளைகள் ராட்டைக்குப் போய்விட்டார்கள். நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இவளை மட்டும் விட மனசில்லை. மடத்து போர்டிங்கில் வைத்து எட்டாவது முடிக்கவைத்தால் வாத்திச்சி வேலைக்குப் படிக்கலாம் என்று சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தறிக்குழியிலிருந்து எழவில்லை. நாடாவை நிறுத்தினார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிர மாட்டீகளே?"

"கேளுங்கண்ணே."

"எம் மகள வேதத்துல சேத்துருவீகளா?"

அதை அவர் இத்தனை வருசமாக நெஞ்சில் வைத்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. மகளைக் கிறிஸ்தவளாக்கிவிடுவோமோ என்ற பயம். கழுத்தில் சிலுவையோடு நிற்கிறவளிடம் அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. என் விசுவாசம் எனக்கு உயிர். ஆனால் பசித்த நாளில் கஞ்சி ஊற்றியதற்கு இது கூலியாக ஆகிவிடக் கூடாது என்று எனக்கு அந்த நிமிசம் தெளிவாகப் பட்டது.

"சேக்க மாட்டோம்ணே. பொட்டு வச்சுக்கிட்டே வரட்டும். மீனாச்சி கோயிலுக்குப் போகணும்னா லீவுல வந்து கூட்டிட்டுப் போங்க."

"இதை ஒங்க மடத்துப் பெரியம்மா சொல்லுவாகளா?"

"கேட்டுட்டு வாரேன்."

மதரிடம் நடந்ததைச் சொன்னேன். "வாக்குக் கொடுத்துவிட்டாய் அல்லவா? அது மடத்தின் வாக்கு" என்றார்.

அதைப் போய்ச் சொன்ன பிறகும் பெண்ணின் அப்பாவுக்கு அரைமனசுதான். முடிவு செய்தது அவர் மனைவி. "தார நான் சுத்துறேன். அம்புட்டுத்தானே?" என்றாள். அடுப்பு, பாவு, ராட்டை மூன்றையும் அவளே இழுத்துப்போட்டுக்கொண்டாள். மகள் பெட்டியோடு கிளம்பிய அன்று அப்பா பாலம்வரை வந்து, அங்கிருந்து திரும்பினார்.

போர்டிங்கில் அவள் முதல் மாதம் முழுக்க அழுதாள். ராட்டைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். பிறகு சரியாகிவிட்டது. எட்டாவது தேறினாள், பயிற்சியும் முடித்தாள், அதே ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தாள். நான்தான் அங்கே இல்லை. அதற்குள் என்னைச் சோழவந்தானுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே பள்ளிக்கூட வேலைகூட இல்லை, மருந்தகம். வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை செய்கிற பெண்கள் காய்ச்சலோடும் காலில் புண்ணோடும் வருவார்கள். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிற எனக்கு அது பழக ஒரு வருசம் பிடித்தது.

அங்கே ஒரு மத்தியானம் செல்லூர் எதிர்வீட்டு அம்மாள் வந்து நின்றாள். ரயிலேறித் தனியாக வந்திருக்கிறாள். இடுப்பில் துணிக்கட்டு.

"அவரு நெய்ஞ்சது. ஒங்க அங்கிக்கு ஆகும்னு வெள்ளையாவே நெய்யச் சொன்னேன்."

"அண்ணன் வரலையா?"

"தறிய விட்டு எந்திரிப்பாரா? சின்ன மகளையும் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். இப்ப அவரும் தாரு சுத்துறாரு, கேளுங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "ரொம்பக் கண்டிப்பாம். பிள்ளைக பயப்படுதுக" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

எங்களுக்கென்று தனியாகப் பொருள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. துணியை மடத்தில் ஒப்படைத்தேன். மூத்த சிஸ்டர் அதில் ஓர் அங்கிக்கு வெட்டி எனக்கே கொடுத்தார். மிச்சத்தைக் கிழித்துக் கொதிக்கவைத்து, கொடிக்கால் பெண்களின் புண்ணுக்குக் கட்டினோம்.