நாலாவது கட்டம்

“பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாயே, பயமாக இல்லையா?” என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எரிச்சல்தான் வருகிறது. அங்கே அடைபட்டிருந்த பெண்களிடம் நான் ஒருநாளும் பயந்ததில்லை. பேனா வைத்திருந்தவர்களிடம் பயந்திருக்கிறேன்.

நான் ராயப்பன்பட்டிக்காரி, பெயர் ஞானபாக்கியம். கன்னியாஸ்திரீகள் புண்ணியத்தில் நாலு எழுத்து படித்தவள். சண்டைக்காலத்தில் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, அங்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெண்களில் நாற்பது பேரை லாரியில் ஏற்றி எங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். ரயிலுக்கு வழியில்லை. போடி லைன் தண்டவாளத்தையே சண்டைக்கென்று பிடுங்கிப் போய்விட்டார்கள். உத்தமபாளையம் தாண்டி ஒரு பழைய பஞ்சு குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்து, சன்னலுக்குக் கம்பி போட்டு, ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டினார்கள். அங்கே எனக்கு ஆயா வேலை கிடைத்தது.

நாற்பத்தோராவது ஆளாக வந்தவள் மலையம்மாள். பட்டணத்துக்காரி இல்லை, சின்னமனூர்ப் பக்கம். இரண்டு ஏக்கர் இருபோக வயல். புருஷன் மேகமலையில் ஏலத்தோட்டத்துக்குக் காடு வெட்டப் போய் மலைக்காய்ச்சலில் செத்துப் போனான். ஒரே மகள், ஏழு வயது. “வயலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மூலையில் உட்கார்” என்றான் கொழுந்தன் கருத்தக்கண்ணன். முடியாது என்றாள். உடனே அவன், ஊரில் ஒருத்தனும் அவளுக்கு உழப் போகக் கூடாது என்று ஆளைத் தடுத்துவிட்டான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மலையம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானே ஏர் பிடித்தாள்.

அடி ஆத்தி! பொம்பளை கலப்பையைத் தொட்டால் பூமி விளையாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. புத்தி சரியாக இருக்கிறவள் இதைச் செய்வாளா என்று நாலு பேர் மாஜிஸ்திரேட் கச்சேரியில் போய்ச் சாட்சி சொன்னார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஆனால் அவளை ஆஸ்பத்திரியில் அடைக்க உத்தரவு போட்டுவிட்டார்கள். அவள் உழுத வயலில் அந்தப் போகம் கதிர் சாய்ந்து விளைந்தது. அறுத்துக்கொண்டவன் கருத்தக்கண்ணன்.

ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் வயதான வெள்ளைக்கார துரை. கெட்டவர் இல்லை. ஆனால் தமிழ் தெரியாது. எல்லாவற்றையும் கிளார்க் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும். கிளார்க்கோ கோதாவரிப் பக்கத்துக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். மலையம்மாளை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள்.

“உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“எங்க ஆத்தா இருக்கா.”

“தாயாருக்கு என்ன வயது?”

“ஏழு.”

கிளார்க் பேனாவை நிறுத்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏழு வயதுப் பெண்ணா உன் தாய்?”

“நான் பெத்த மகதேன். ஆத்தான்னு கூப்புடுவேன்.”

“மகளின் பெயர் என்ன?”

வாயை இறுக்கிக்கொண்டாள். மூன்று தடவை கேட்டார். சொல்லவே இல்லை. மகளைத் தாய் என்கிறாள், மகள் பெயர் நினைவில்லை என்று எழுதிவிட்டார். வாசலில் நின்றிருந்த நான் களுக்கென்று சிரித்துத் தொலைத்தேன். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் மகளை ஆத்தா என்றுதான் கொஞ்சுவார்கள், அதிலும் இவள் மகளுக்கு வைத்திருந்தது மாமியார் பெயர், இருளம்மாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா?

அன்றைக்குக் கஞ்சி ஊற்றும்போது நான் சண்டை பிடித்தேன். “அந்தப் பேரச் சொல்லித் தொலைச்சா என்னக்கா?”

“மாமியா பேரயா? போடி!”

“அந்தம்மா உன்னையத் தாங்குனாகளாக்கும்?”

“தாங்குனா! இருந்த மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல, வீணாப்போனவ. அவ செத்து எட்டு வருசமாச்சு. அதுக்காக நான் மரியாத கெட்டவளாகணுமா?”

இவளோடு மல்லுக்கட்ட முடியாது என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்து, யாரை விடலாம், யாரை வைக்கலாம் என்று பார்ப்பார்கள். கமிட்டி என்று பெயர். அது வரும்வரை அவள் மற்ற நோயாளிகளுக்குத் தலை வாரிவிட்டாள், பேன் பார்த்தாள், குடோன் பின்னால் கீரை போட்டாள். நான் ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னமனூர் போய், கொழுந்தன் வீட்டில் இருந்த மகளைப் பார்த்து வந்து சொல்வேன். “மாடு மேய்க்குது, நல்லாத்தேன் இருக்கு” என்பேன். மெலிந்து கிடந்ததைச் சொல்லவில்லை.

முதல் கமிட்டி வந்தது. நான் துணிந்து உள்ளே போய், ஆத்தா என்றால் என்ன, மாமியார் பெயர் விஷயம் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டியில் இருந்த மதுரை வக்கீல் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அட, என் மகளை நானே அப்படித்தான் கூப்பிடுகிறேன்” என்று துரையிடம் இங்கிலீஷில் விளக்கினார். துரை தலையாட்டினார். விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. மாதாவே, உனக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கிளார்க் காகிதத்தை நீட்டினார். “கைநாட்டு வை.”

“என்ன எழுதியிருக்கு?”

“உனக்கு இருந்த பைத்தியம் குணமாகிவிட்டது என்று.”

மலையம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “இல்லாத நோவு எப்பிடிய்யா குணமாகும்?”

“எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவது. அச்சடித்த பாரத்தில் மூன்று கட்டம்தான் இருக்கிறது. குணம், சுமார், மரணம்.”

“அப்ப நாலாவதா ஒண்ணு போடுங்க. நோவே இல்லன்னு.”

“அப்படிக் கட்டம் கிடையாது.”

“கோடு கிழிச்சா கட்டம் வந்துட்டுப் போகுது. கோடு கிழிக்கத் தெரியாதா?”

நான் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினேன். “அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகுது. கைநாட்ட வச்சுட்டு வெளிய வா. பிள்ள அங்கன காத்துக் கெடக்கு.”

“அவளுக்காகத்தேன்டி சொல்றேன். இந்தக் காயிதத்தோட போனா அவ பைத்தியக்காரி மக. நாளைக்கி எவன் பொண்ணு கேட்டு வருவான்? நான் ஒரு நா சத்தமாப் பேசினா, இந்தா மறுபடி வந்துருச்சுன்னு கொழுந்தன் இழுத்துட்டு வந்துருவான். வந்து போனதுதான் மறுபடி வரும். வராததுன்னு எழுதிட்டா அவன் எதச் சொல்லிக் கூட்டியாருவான்?”

அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது தப்பு இருக்கிறதா? ஆனால் கிளார்க் எழுதிக்கொண்டார்: விடுதலை கொடுத்தும் வேண்டாம் என்கிறாள், புத்தி தெளியவில்லை. அவளைப் பழையபடி வார்டுக்கு அனுப்பினார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மண்சட்டி உடைந்தது. கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

அந்த மூன்று மாதமும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிடிவாதக்காரி, மகளை நினைக்காதவள் என்று திட்டினேன். அவள் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “திட்டு, திட்டு. உனக்காச்சும் எம் மேல அக்கறை இருக்கே” என்றாள். ஒருநாள் மட்டும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கண்ணில் சாம்பல் விழுந்துவிட்டது என்றாள்.

இரண்டாவது கமிட்டியில் வக்கீல் வரவில்லை. துரை, கிளார்க், யாரோ இரண்டு பேர். மறுபடி அதே காகிதம், அதே மூன்று கட்டம். மலையம்மாள் கும்பிட்டாள்.

“துரைகிட்ட ஒண்ணு கேக்கணும். அவுகளுக்குக் குஷ்டம் இருந்துச்சா?”

கிளார்க் முகம் வெளிறிப் போனது. “இதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்” என்றார்.

மலையம்மாள் என்னைப் பார்த்தாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. கன்னியாஸ்திரீகளிடம் கற்ற இங்கிலீஷை எடுத்து விட்டேன். “சார், யூ லெப்பர்?”

“நோ!” என்று துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“குஷ்டம் இருந்துச்சு, இப்பக் குணமாயிருச்சுன்னு ஒரு காயிதம் எழுதி, அவுக கையெழுத்துப் போட்டு என்கிட்டக் குடுக்கட்டும்” என்றாள் மலையம்மாள். “நான் அத ஊர் ஊராக் காட்டுறேன். அப்பறம் இதுல கைநாட்டு வைக்கிறேன்.”

“சார், யூ ரைட், லெப்பர் க்யூர்ட். யூ சைன். ஷீ சைன்” என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துபோனது. பிறகு உட்கார்ந்து, அளவுகோலை எடுத்து, மூன்று கட்டத்துக்கும் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு கோடு கிழித்தார். பைத்தியம் எதுவும் இருந்ததாகக் காணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தமிழிலும் ஒன்று வேண்டும் என்று அவள் அடம்பிடித்து எழுதி வாங்கினாள். கிளார்க் ஒரு தடவை, நான் இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தாள். என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். தூக்கவில்லை.

அவள் கிளம்பிய அன்று, கருத்தக்கண்ணன் வீட்டில் கேட்காமலே பிள்ளையை அழைத்துவந்து வாசலில் நிறுத்தினேன். மலையம்மாள் காகிதத்தை மடியில் சொருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது.

“ஞானக்கா, கடிக்க மாட்டாகளா?”

ஆறு மாதமாக அந்த வீட்டில் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தது இதுதான். அந்தப் பாவி அப்போது முன்னால் நின்றிருந்தால் நானே கடித்திருப்பேன். துரையையே மடக்கியவள், தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். மடியைத் தொட்டாள். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தை வைத்து என்ன செய்வாள்?

புழுதியில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். சேலையை ஒதுக்கி முழங்கையை நீட்டினாள்.

“நான் கடிக்க மாட்டேன் ஆத்தா. நீ வேணா என்னையக் கடிச்சுக்க.”

பிள்ளை என்னைப் பார்த்தது. கையைப் பார்த்தது. மெதுவாக முந்தானையை விட்டுவிட்டு முன்னால் போய், ஆறு மாதத்துக் கோபத்தையும் சேர்த்து நறுக்கென்று கடித்தது. பல் பதிந்து ரத்தம் வந்தது. மலையம்மாள் கையை இழுக்கவே இல்லை.

“இன்னொண்ணு கடி” என்றாள். “நல்லாக் கடி.”

பிள்ளை கடிக்கவில்லை. அந்தக் கையையே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதது.